மேசைக்கு நடுவே ஒரு சந்து

என் மதினி ஈஸ்வரி ஒரு பழைய டெம்போ டிராவலரை வாங்கி, உள்ளே இருந்த சீட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டு, அதை வீடு மாதிரி ஆக்கினாள். பின்பக்கம் ஒரு கட்டில். அதற்கு முன்னால் அடுப்பு, கை கழுவத் தொட்டி. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் துணி வைக்க ஓர் அடி ஆழத்தில் ஓர் அலமாரி. நடுவில் ஒரு மடக்கு மேசை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். கோயில் கோயிலாகப் போகிற குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவதுதான் திட்டம். வண்டி ஓட்டுவதும் அவள்தான், சமைப்பதும் அவள்தான்.

எங்கள் பக்கத்தில் கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் வண்டி. பெரிய வீடுகளில் படம் எடுக்க வருகிறவர்கள் கொண்டுவருவார்கள். அதனால் தெருவில் மதினியைக் கண்டால், "என்ன ஈஸ்வரி, இன்னைக்கு எந்த ஊர்ல ஷூட்டிங்?" என்று கேட்பார்கள். "உங்க வீட்லதான். மேக்கப் போட்டு ரெடியா இருங்க" என்பாள்.

முதல் பயணத்திலேயே தவறு நடந்தது. பள்ளத்தூரிலிருந்து ராமநாதன் செட்டியார் குடும்பம் வந்திருந்தது. அவர், அவர் மனைவி உமையாள் ஆச்சி, மகன், மருமகள். ஓடுகிற வண்டியில் கட்டிலில்தான் உட்கார வேண்டும், நாற்காலியில் வேண்டாம் என்று மதினி சொல்லியிருந்தாள். செட்டியார் காப்பி குடிக்க ஐந்து நிமிடம் உட்கார்ந்தார். கோவிலூர் தாண்டும்போது ஓர் ஆடு குறுக்கே வந்தது. மதினி பிரேக் போட்டாள். மேசையும் நாற்காலிகளும் முன்னால் பாய்ந்தன. மேசைக்கால் செட்டியாரின் முழங்காலுக்குக் கீழே தோலை உரித்துவிட்டது.

அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் மதினிக்குத் தாங்கவில்லை. இறங்கும்போது ஆச்சிதான் பேசினார். "உன் கைச் சமையலுக்காக அடுத்த மாசம் ஒரு தடவை வாரோம் ஈஸ்வரி. அதுக்குள்ள இந்த நாற்காலிகளை ஒரு வழி பண்ணு."

விஷயம் மஸ்கட்டில் இருக்கும் மதினியின் கணவன், என் பெரியண்ணன் காளிராஜுக்குப் போனது. சொன்னது சின்னண்ணன் பாண்டிமுருகன். அவனுக்கு அந்த வண்டி மேல் முதலிலிருந்தே கண். பதினேழு சீட்டு போட்டால் கல்லூரிப் பிள்ளைகளை ஏற்றித் தினமும் ஓட்டலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பெரியண்ணன் போனில் மதினியிடம் சொன்னான்: "அடுத்த ட்ரிப்பு ஒண்ணு. அது நல்லபடியா அமைஞ்சா வண்டி உன்னுது. இல்லேன்னா பாண்டிகிட்ட குடுத்துரு. சரிதான?"

"சரி" என்றாள் மதினி. போனை வைத்த பிறகு சோற்றுப்பானையைத் தேய்க்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே தேய்த்த பானை அது.

எனக்கு அப்போது படிப்பு முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பி.எஸ்சி. இயற்பியல். வீட்டிலிருந்து அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை மதினி என் புத்தகத்தின் மேல் ஓர் அளவு நாடாவை வைத்தாள்.

"சினேகா, அந்த பேக்கரியில எதிரெதிரா சோபா போட்டு, நடுவுல மேசை போட்டுருப்பாகள்ல, அது எப்புடி நிக்குது?"

"தரையோட போல்ட் போட்டிருக்கும் மதினி."

"ஆடு வந்தாலும் அசையாதுல்ல?"

"யானை வந்தாலும் அசையாது."

"அப்ப அதை வரைஞ்சு குடு."

அன்று மாலை இருவரும் பேக்கரிக்குப் போனோம். ஆளுக்கு ஒரு பப்ஸ் வாங்கிக்கொண்டு, யாரும் பார்க்காதபோது சோபாவை அளந்தோம்.  மதினி மேசைக்கு அடியில் தலையை விட்டு, "கால் ஒண்ணுதான் இருக்கு, இன்னொரு பக்கம் சுவத்துல மாட்டிருக்கு" என்று கடைக்கே கேட்கச் சொன்னாள்.

வரைபடத் தாளில் நான் வரைந்தேன். வலது பக்கச் சன்னலை ஒட்டி எதிரெதிராக இரண்டு இருக்கைகள். ஒவ்வொன்றிலும் இருவர். இருக்கை பதினெட்டு அங்குலம், மேசை இருபத்தேழு அங்குலம், மறுபடி பதினெட்டு. ஐந்தே கால் அடியில் நான்கு பேர் உட்கார்ந்துவிடலாம். இருக்கைக்கு அடியில் பெட்டி, திறந்தால் சாமான் வைக்கலாம். மேசைப் பலகையைக் கழற்றி இருக்கைகளுக்கு நடுவே இறக்கினால் இன்னொரு கட்டில். இடது பக்கம் நடக்க இரண்டு அடி வழி. படம் அழகாக வந்திருந்தது. நான் அதை இரண்டு முறை பிரதி எடுத்தேன்.

பெத்தன் அண்ணனின் பட்டறையில் வேலை நடந்தது. அவர் பேச்சும் வெல்டிங்கும் ஒன்றுபோல இருக்கும், பொறி பறக்கும். "பேக்கரியையே வண்டியில ஏத்திட்டீகளே. அடுத்து என்ன, டீ மாஸ்டரா?" என்றார். ஆனால் வேலை சுத்தம். சதுரக் குழாயில் சட்டம், மேலே பிளைவுட், ஃபோம், கரும்பச்சை ரெக்சின். ஒவ்வோர் இருக்கைக்கும் பெல்ட். போல்ட் முறுக்கி முடித்ததும் இருக்கையின் மேல் ஏறி நின்று குதித்துக் காட்டினார். வண்டிதான் ஆடியது, இருக்கை ஆடவில்லை.

பயணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. எல்லோரும் முடிந்தது என்று நினைத்தோம். மதினி மட்டும், "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வண்டியில சாப்புட வாங்க" என்றாள்.

பெத்தன் அண்ணன், அவர் மனைவி அம்மாக்கண்ணு அக்கா, சின்னண்ணன், நான். நானும் பெத்தன் அண்ணனும் சன்னல் ஓரம். மற்ற இருவரும் வழிப் பக்கம். சின்னண்ணன் இருக்கையைத் தட்டிப் பார்த்து, "பரவால்ல, இந்த ரெக்சினை நம்ம சீட்டுக்கும் போடலாம்" என்றான். மதினி கேட்காத மாதிரி இலை போட்டாள்.

இலை போடும்போதே அவள் கை ஒரு கணம் நின்றதைப் பார்த்தேன். அப்போது எனக்குப் புரியவில்லை.

உப்பு, ஊறுகாய், பொரியல் வரை ஒன்றுமில்லை. சோறு வைத்து நாங்கள் கை வைத்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. பந்தியில் பரிமாறுகிறவர்கள் இலைக்கு முன்னால் வரிசையாக நடந்து வருவார்கள். இங்கே என் இலைக்கு முன்னால் பெத்தன் அண்ணன் இலை. அதற்கு அந்தப் பக்கம் அவரே. மதினி வழியில் நின்றுகொண்டு, சின்னண்ணன் இலைக்கு மேலே கையை நீட்டித்தான் எனக்குச் சாம்பார் ஊற்ற முடிந்தது. அவனோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். ஒருவர் கை வைத்த இலைக்கு மேலே கரண்டி தாண்டி வருவதை எங்கள் ஊரில் யாரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அம்மாக்கண்ணு அக்கா கண்ணாலேயே தன் கணவருக்குச் சைகை காட்டினார். மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரசத்தை நீட்டினாள். கரண்டியிலிருந்து நான்கு சொட்டு சின்னண்ணன் அப்பளத்தில் விழுந்தது.

"மதினி, அப்பளத்தை ரசத்துல போட்டுத் திங்கிறது எனக்குப் புடிக்கும்னு யாரு சொன்னா?" என்றான் அவன்.

பெத்தன் அண்ணன் சிரித்தார். மதினி வாளியோடு அப்படியே நின்றாள்.

"தட்டுல எல்லாத்தையும் வச்சு ஆளுக்கு ஒண்ணாக் குடுத்துருங்க. அம்புட்டுத்தான" என்றான் சின்னண்ணன்.

"பாத்திரத்தை மேசை நடுவுல வச்சுருங்க தாயி, அவுகவுக எடுத்துக்கிறட்டும்" என்றார் பெத்தன் அண்ணன்.

"ஆச்சி வீட்டு ஆளுக எடுத்துப் போட்டுக்குவாகளா?" என்று மதினி கேட்டாள். "செட்டியாரு வேணும்னு வாய் தொறந்து கேக்கவே மாட்டாரு. போன தடவை பாத்தேன். அவியல் பிடிச்சிருந்தா இலையில அந்த இடத்தை மட்டும் வழிச்சு வச்சிருப்பாரு. அதை நாமதான் பாத்து வைக்கணும். தள்ளி நின்னா இலை எங்க தெரியும்?"

தவறு என்னுடையது என்று எனக்குத் தெரிந்தது. பேக்கரியில் யாரும் யாருக்கும் பரிமாறுவதில்லை. நான் உட்காருகிறவர்களை மட்டும் வரைந்திருந்தேன். நிற்கிறவளை வரையவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மதினியே என் பக்கம் திரும்பி, "படம் தப்பில்லத்தா. நான் அதுல இல்ல, அம்புட்டுத்தான்" என்றாள்.

சின்னண்ணன் கை கழுவிவிட்டுப் போகும்போது, "வியாழக்கெழமை ட்ரிப்பை முடிச்சுட்டு வாங்க மதினி. வெள்ளிக்கெழமை சீட்டுக்காரனை வரச் சொல்லவா?" என்றான். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டான்.

"வியாழக்கெழமை போகட்டும் தம்பி" என்றாள்.

அன்று மாலை முழுவதும் அவள் வண்டிக்குள்ளேயே இருந்தாள். நான் போனபோது வழியில் சம்மணமிட்டு உட்கார்ந்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து மேசையின் நடுவே, நீளவாக்கில், விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

"இதை ரெண்டா அறுத்து, ஆளுக்கு ஒரு பக்கமாத் தள்ளி வச்சா?"

"நடுவுல இடைவெளி வரும் மதினி."

"அந்த இடைவெளியிலதான் நான் நடப்பேன். வழியில இருந்து நேரா சன்னல் வரைக்கும். ரெண்டு பக்கமும் இலைக்கு முன்னாடி நிப்பேன். பந்தி மாதிரியே."

 அத்தனை நேரமும் எதிரெதிர் இருக்கை என்றால் நடுவில் ஒரு மேசை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது இரண்டு மேசையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"எவ்வளவு அகலம் வேணும்?" என்று கேட்டேன். "ஒருத்தர் நடக்கப் பதினாறு அங்குலமாவது விடணும்னு நெனைக்கிறேன்."

"நெனைக்க வேணாம், அளப்போம்."

பட்டறையில் மிச்சமான இரண்டு பிளைவுட் பலகைகளை முற்றத்தில் நிறுத்தினோம். ஒன்றைச் சுவரில் சாய்த்துக் கட்டினோம், இன்னொன்றை நான் பிடித்துக்கொண்டேன். மதினி சாம்பார் வாளியில் தண்ணீர் நிரப்பினாள்.

"காலி வாளி போதாதா?" என்றேன்.

"காலி வாளி சொன்னபடி கேக்கும். நெறஞ்ச வாளி கேக்காது."

அவள் பக்கவாட்டில் நடந்தாள். போகும்போது இடது பக்கம் குனிந்து பரிமாறுகிற மாதிரி, திரும்பும்போது வலது பக்கம். ஒவ்வொரு நடைக்கும் நான் பலகையை ஓர் அங்குலம் நெருக்கினேன். பதினாறு. பதினைந்து. பதினான்கு. பதின்மூன்றில் சேலை உரசியது, தண்ணீர் சிந்தவில்லை. பன்னிரண்டில் வாளி பலகையில் இடித்து அவள் பாதம் நனைந்தது.

"பதிமூணு" என்றாள்.

ஆய்வகத்தில் மூன்று வருடம் அளவெடுத்திருக்கிறேன். எதை அளக்கிறோம் என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்து அளந்தவரை நான் பார்த்ததில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மேசைக்குப் பதின்மூன்று, சந்துக்குப் பதின்மூன்று, இன்னொரு மேசைக்குப் பதின்மூன்று. முப்பத்தொன்பது. முன்பு இருபத்தேழு. இன்னும் ஓர் அடி வேண்டும். வண்டியில் ஓர் அடிகூட மிச்சமில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

மதினி யோசிக்கவே இல்லை. "அலமாரியைத் தூக்கு. துணிமணிக்குத்தான் சீட்டுக்கு அடியில ரெண்டு பெட்டி வந்துருச்சே."

அலமாரியை அளந்தேன். சரியாக ஓர் அடி.

பெத்தன் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "போட்ட போல்ட்டைப் புடுங்கி, புது ஓட்டை போட்டு, பழைய ஓட்டையை அடைச்சு... ஏன் தாயி, அந்த செட்டியாரு ஒரு நாள் தட்டுல சாப்புட்டா கொறஞ்சா போயிருவாரு?"

"அவரு கொறைய மாட்டாரு அண்ணே. நான் கொறைஞ்சுருவேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே முகக்கவசத்தை இறக்கினார். அரை மேசைகள் இரண்டும் ஒரு முனையில் சன்னல் சுவரோடு மாட்டப்பட்டன. வழிப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கால். சாப்பிடாத நேரத்தில் நடுவில் பொருத்திக்கொள்ள ஒரு பலகை. செருகினால் ஒரே மேசை. எடுத்தால் சந்து. புதன்கிழமை மாலை வேலை முடிந்தது. மதினி வெறுங்கையோடு ஒரு முறை சந்துக்குள் போய்விட்டு வந்தாள். பெத்தன் அண்ணன் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு, "நமக்கு இல்ல இது" என்றார்.

வியாழக்கிழமை என்னையும் கூட வரச் சொன்னாள். ஆறு மணிக்குப் பள்ளத்தூரில் இருந்தோம். செட்டியார் ஏறியதும் முதல் வேலையாக இருக்கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.  மதினி கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

இளையாத்தங்குடியில் சாமி கும்பிட்டு முடிய மதியம் ஆகிவிட்டது. ஊருணிக் கரையில், மர நிழலில் வண்டியை நிறுத்தி மதினி சமைத்தாள். நான் நடுப்பலகையை எடுத்தேன். செட்டியாரும் மருமகளும் ஒரு பக்கம், மகன் எதிரே சன்னல் ஓரம். இலை போட்டாயிற்று. ஆச்சி மட்டும் உட்காரவில்லை.

"அவுக சாப்பிடட்டும். நான் பொறவு சாப்புடுறேன்" என்று சொல்லி, மதினி கையிலிருந்த நெய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். "எம்மகனுக்கு நான் வைக்கிறேன்."

ஆச்சி கனத்த உடம்புக்காரர். சந்துக்குள் ஒரு காலை வைத்தார். இடுப்பு இரண்டு மேசைக்கும் நடுவில் நின்றுவிட்டது. முன்னால் போகவில்லை.

 இதை நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை. மதினியைப் பார்த்தேன். அவளும் ஆச்சியின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆச்சி கீழே பார்த்தார். இந்தப் பக்க மேசையைப் பார்த்தார், அந்தப் பக்க மேசையைப் பார்த்தார். "ஈஸ்வரி, இது யாரு இடுப்புக்கு எடுத்த அளவு?"

"எனக்கு, ஆச்சி" என்றாள் மதினி.

"அதான பாத்தேன்."

முதலில் சிரித்தது செட்டியார். அவர் சிரிப்பு அப்படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, மேசை குலுங்கியது. பிறகு மருமகள். கடைசியில் ஆச்சியும் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தார்.

மதினி நெய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "நீங்க உக்காருங்க ஆச்சி. யாருக்கு எம்புட்டு வைக்கணும்னு நீங்க சொல்லுங்க. கை என்னுது, கணக்கு உங்களுது."

ஆச்சி ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நான்காவது இலையைப் போட்டேன்.

அதன்பின் நான் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. அடுப்பருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி சந்துக்குள் போனாள், வந்தாள். வாளி எதிலும் இடிக்கவில்லை. கரண்டி எந்த இலையையும் தாண்டவில்லை. செட்டியார் இலையில் அவியல் இருந்த இடம் வெறிச்சோடியதும், அவர் நிமிர்வதற்குள் அங்கே அவியல் இருந்தது. மருமகள் கையால் இலையை மறைப்பதற்கு முன்பே சோற்றுக் கரண்டி நின்றுவிட்டது. எதுவும் பேசாமல், யாரையும் கேட்காமல், நான்கு இலைகளையும் அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

ஆச்சிதான் பேசிக்கொண்டே இருந்தார். "அவனுக்கு இன்னுங் கொஞ்சம் வெண்டைக்கா மண்டி வை. இவுகளுக்குப் போதும், சக்கரை இருக்கு. ஏங்க, அந்தக் கிண்ணத்தைப் பாக்காதீக, அது பாயசம், உங்களுக்கு இல்ல." பேச்சின் நடுவில் சட்டென்று நிறுத்தினார். மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பந்தியில உக்காந்தா பக்கத்து இலைதான் தெரியும்" என்றார். "இதுல எல்லாரு மூஞ்சியும் தெரியுதே. இவுகளும் நானும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு எம்புட்டு வருசமாச்சு?"

 செட்டியார் தன் அப்பளத்தை எடுத்து, கையை நீட்டி, சந்துக்கு மேலாக ஆச்சியின் இலையில் வைத்தார்.

சாப்பிட்டு முடித்து இலையை மடித்துவிட்டு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். மதினி கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்ததும் நிமிர்ந்தார். "தை மாசம் எங்க நகரத்தார் கோயில் ஒம்பதுக்கும் போகணும்னு இருக்கோம்" என்றார். அன்று அவர் அவளிடம் பேசிய முதல் வாக்கியம் அது. "அஞ்சு நாள் ஆகும். இந்த வண்டிதான் வேணும். சரிப்படுமா?"

மதினி செம்பைக் கீழே வைத்தாள்.

"சரிப்படும் அப்பச்சி" என்றாள். "தேதியைச் சொல்லுங்க, குறிச்சுக்கிறேன்."

அவர்கள் காலாற ஊருணிப் பக்கம் நடந்தார்கள். மதினி சன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் அங்கே உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. "பசிக்குதுத்தா. போடு" என்றாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு சந்துக்குள் போனேன். அவளைவிட நான் கொஞ்சம் அகலம். உரசிக்கொண்டுதான் போக முடிந்தது. ஆனாலும் அவள் இலைக்கு நேர் முன்னால் போய் நின்றுவிட்டேன்.

அவள் சாப்பிட்டுக்கொண்டே போனை எடுத்து, இடது கையால் எண்ணைத் தேடி, மேசையில் வைத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"தம்பி, வெள்ளிக்கெழமை சீட்டுக்காரரை வரச் சொல்லிட்டீகளா?"

"இன்னும் இல்ல மதினி. என்ன, சொல்லிறவா?" என்றான் சின்னண்ணன்.

"வேணாம். தையில எனக்கு அஞ்சு நாள் ஓட்டம் இருக்கு. உங்க அண்ணன்கிட்ட நானே பேசிக்கிறேன்."

 "ரசம் சிந்தலையா?" என்று சின்னண்ணன் கேட்டான்.

"ஒரு சொட்டு இல்ல" என்று நான் சொன்னேன். மதினி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இன்னொரு கரண்டி ரசத்துக்கு இலையில் சோற்றைக் குழித்தாள்.